என் அத்தை ஆட்டுக்கு வழுக்கை இல்லை

போன ஆடி மாதம் ஒரு மத்தியானம் அத்தை போன் போட்டாள். "நல்லா இருக்கியா" என்றுகூடக் கேட்கவில்லை. "எய்யா, ஆட்டுக்கு வழுக்கை விழுமா?" என்றாள்.

நான் பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவன். மாத்திரை டப்பாவுக்குள் எட்டாய் மடித்து வைத்திருக்கும் தாள், வாஷிங் மெஷின் கையேடு, லோன் பத்திரம் என்று வருவதையெல்லாம் தமிழாக்கிக் கொடுத்துப் பிழைப்பு ஓடுகிறது. சொந்தபந்தத்தில் யாருக்கு இங்கிலீஷில் ஒரு தாள் வந்தாலும் அது சுற்றிச் சுற்றி என்னிடம்தான் வந்து நிற்கும். ஆட்டு வழுக்கை வந்தது அதுதான் முதல் தடவை.

அத்தை ஊர் ஓட்டப்பிடாரத்துக்குக் கிழக்கே. இன்றைக்கு அது தூத்துக்குடி மாவட்டம். 1986ல் அரசாங்கம் பிரித்தது. அத்தை இன்னும் பிரிக்கவில்லை. யார் கேட்டாலும் "திருநெவேலி ஜில்லா" என்றுதான் சொல்லுவாள். கரிசல் மண், உடைமரம், கிழக்கேயிருந்து வரும் உப்புக்காற்று. அந்தக் காட்டில் 22 வெள்ளாடு வைத்திருக்கிறாள். ஒன்றைத் தவிர அத்தனையும் கொடி ஆடு. நெட்டைக் கால், ஒடிசலான உடம்பு, எட்டி நின்று கொழை பறித்துத் தின்னத் தோதான கழுத்து.

அதில் ஐந்து ஆட்டுக்குச் சித்திரையில் இன்சூரன்ஸ் போட்டார்கள். டாக்டர் வந்து பார்த்து, காதில் மஞ்சள் தோடு அடித்து, போட்டோ எடுத்து, பாரம் எழுதிக்கொண்டு போனார். ஆனி மாதம் கண்ணாடிக்காரியை நாய்கள் கடித்துக் குதறிப் போட்டுவிட்டன. அத்தை ஆடுகளுக்கு இப்படித்தான் பேர் வைப்பாள். வெள்ளை முகத்தில் இரண்டு கண்ணையும் சுற்றிக் கருவட்டம், நடுவில் மூக்குத்தண்டின் மேல் ஒரு மெல்லிய கருங்கோடு. ரிட்டையர்டு வாத்தியார் மாதிரி இருக்கும். முதுகில் ஒரு பெரிய கருந்திட்டு, பின்னந்தொடையில் மை கொட்டினதுபோல நாலைந்து சிதறல். மற்றதெல்லாம் வெள்ளை.

பணம் கேட்கப் போனபோதுதான் சிக்கல். கண்ணாடிக்காரியின் காதில் தோடு இல்லை. வைகாசியிலேயே உடைமுள்ளில் மாட்டி, காது நுனியையும் கொஞ்சம் கிழித்துக்கொண்டு எங்கேயோ விழுந்துவிட்டது. தோடு இல்லையென்றால் பணம் இல்லை என்பது பொதுவான விதி. ஆனால் அந்த அலுவலகத்தில் இருந்தவர் கொஞ்சம் இரக்கப்பட்டு, "பாரத்துல உள்ள அங்க அடையாளமாவது ஒத்துவருதான்னு பாப்போம்" என்றிருக்கிறார். பார்த்தார்கள். ஒத்துவரவில்லை. பாரத்தின் தமிழ்ப் பிரதியில் நிறம் என்ற கட்டத்துக்கு எதிரே அச்சாகியிருந்தது: "பை வழுக்கை."

"எங்கய்யா வழுக்கை? பூனை மயிரு கணக்கா மினுமினுன்னு இருக்கும் அது" என்று அத்தை போனிலேயே அழுதாள். ஆடு செத்ததற்கு அழுகிறாளா, வழுக்கை என்று சொன்னதற்கா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மச்சானை இரண்டு பக்கத்தையும் வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். இங்கிலீஷ் பக்கத்தில் டாக்டர் சரியாகத்தான் எழுதியிருந்தார்: பைபால்டு. கருப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாகக் கலந்த விலங்கைச் சொல்லும் சொல். யாரோ அதைப் போனில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலிக்குக் கொடுத்திருக்கிறார்கள். அது இரண்டாய்ப் பிய்த்து, 'பை'யைப் பையாகவே விட்டுவிட்டு, 'பால்டு' என்பதற்கு வழுக்கை போட்டு முடித்திருக்கிறது.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. சில வருஷம் முன்னால் ஒரு சிறுவர் கதையில் வந்த பைபால்டு குதிரையை நான் 'புள்ளிக் குதிரை' என்று எழுதிக் காசு வாங்கியிருக்கிறேன். அகராதியைத் திறக்கக்கூட இல்லை. புள்ளி வேறு, திட்டு வேறு. மானுக்கு இருப்பது புள்ளி. கண்ணாடிக்காரிக்கு இருந்தது, யாரோ வெள்ளைச் சீலையைக் கரிச்சட்டிமேல் போட்டு எடுத்த மாதிரி, கரை ஒழுங்கில்லாத திட்டு. அந்தக் குதிரைக்குச் செய்த பாவத்துக்காகவாவது இந்தத் தடவை சொல்லை ஒழுங்காய்ப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு நாள் போனது. வாஷிங் மெஷின் கையேடு அப்படியே கிடந்தது.

முதல் பாதியான 'பை' ஒரு பறவை. இன்று இங்கிலீஷில் மேக்பை என்கிற அந்தப் பறவைக்கு ஆதியில் வெறும் 'பை' என்றே பேர். லத்தீனில் 'பிக்கா', அது பிரெஞ்சு வழியாக 'பை' ஆகி இங்கிலாந்துக்குப் போனது. மார்கரெட் என்ற பெண் பேரின் செல்லச் சுருக்கமான 'மேக்' பிற்பாடு முன்னால் ஒட்டிக்கொண்டது. ஓயாமல் கத்துகிற பறவைக்கு வாயாடிப் பெண்ணின் பேர். காக்கைக் குடும்பம். உடம்பு கருப்பு, வயிறும் தோளும் பளீரென்று வெள்ளை, நீண்ட வால். நம் பக்கம் இந்தப் பறவை கிடையாது. அதன் ஒன்றுவிட்ட சொந்தம் வால்காக்கை உண்டு, ஆனால் அது செம்பழுப்பு. கருப்பு வெள்ளைக்கு நம்மிடம் இருப்பது குண்டுகரிச்சான். அதற்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பேரிலும் இந்த மேக்பை உட்கார்ந்திருக்கிறது. ஊரை விட்டு வந்தவர்களுக்குப் பார்க்கிற முகமெல்லாம் ஊர்க்காரர் முகமாய்த் தெரியும்போல.

அந்தப் 'பை'யிலிருந்து 'பைடு' என்ற சொல் வந்தது. மேக்பை நிறத்தது என்று பொருள். தாமிரபரணியில் குறுக்குத்துறைப் பக்கம் போனால், தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கல் விழுகிற மாதிரி தலைகீழாய் விழும் கரும்புள்ளி மீன்கொத்தியைப் பார்க்கலாம். இங்கிலீஷில் அது பைடு மீன்கொத்தி. மழைக்கு முன்னால் வந்து கூவுகிற, தலையில் கொண்டை வைத்த கருப்பு வெள்ளைக் குயில் ஒன்று உண்டு. அதுவும் அவர்களுக்குப் பைடு. தமிழில் அதன் பேர் சுடலைக்குயில். ஊருக்கு ஒரு சுடலைமாடன் நிற்கிற நம் சீமையில் பறவைக்கு அந்தப் பேர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இந்தப் பிக்கா பறவைக்கு இன்னொரு பிள்ளையும் உண்டு, சொல்லாமல் விட மனமில்லை. எதைக் கண்டாலும் கொத்தித் தின்னும் என்று அதற்கு ஒரு பேர் இருந்ததால், மண், சாம்பல், சுண்ணாம்பு என்று தின்னக்கூடாததைத் தின்னத் தோன்றும் கோளாறுக்கு டாக்டர்கள் பிக்கா என்றே பேர் வைத்துவிட்டார்கள். மச்சான் வயிற்றில் இருந்தபோது அத்தை அடுப்புச் சாம்பலை ஆச்சிக்குத் தெரியாமல் அள்ளித் தின்பாளாம். என் அப்பா இன்றும் சொல்லிச் சிரிப்பார். அத்தைக்கும் அந்தப் பறவைக்கும் அப்போதே ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

சரி, வழுக்கைக்கு வருவோம்.

'பால்டு' என்றால் இன்றைக்கு வழுக்கைதான், செயலி அதில் பொய் சொல்லவில்லை. ஆனால் பழைய இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்கு வெள்ளை விழுந்தது, வெள்ளைத் திட்டு உள்ளது என்ற பொருளும் இருந்தது. முக்கியமாகக் குதிரையின் நெற்றியில் உள்ள வெள்ளைக்குச் சொல்லுவார்கள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் பைபால்டு என்று கூட்டுச்சொல் பிறந்தபோது உள்ளே இருந்தது இந்த வெள்ளைதான். மேக்பை போல வெள்ளை விழுந்தது, அவ்வளவே. பிற்பாடு வழுக்கை என்ற பொருள் வீட்டையே பிடித்துக்கொள்ள, வெள்ளை அங்கங்கே பழைய பேர்களில் மட்டும் ஒண்டிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் சின்னமான கழுகையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் வழுக்கைத் தலைக் கழுகு என்று எத்தனையோ இடத்தில் எழுதுகிறோம். அதன் தலையில் கட்டுக்கட்டாய் இறகு, வெள்ளை இறகு. வெண்டலைக் கழுகு என்றிருக்க வேண்டியது. அத்தை ஆட்டுக்கு நடந்த அதே அநியாயம் அந்தக் கழுகுக்கும் நடந்திருக்கிறது. அது இன்சூரன்ஸ் போடவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

இன்னொரு பறவையும் இதில் மாட்டியிருக்கிறது. வழுவழு மொட்டைத் தலைக்காரனை இங்கிலீஷில் 'கூட் மாதிரி மொட்டை' என்பார்கள். கூட் என்பது கருப்பாய், கோழிபோல, குளத்தில் நீந்துகிற பறவை. நெற்றியில் அலகோடு சேர்ந்தாற்போல வெள்ளையாய் ஒரு தகடு இருக்கும். மழை நன்றாய்ப் பெய்த வருஷம் நம் குளங்களில் கூட்டம் கூட்டமாய்க் கிடக்கும். தமிழில் அதன் பேர் நாமக்கோழி. அதே பறவை, அதே நெற்றி, அதே வெள்ளை. அவன் பார்த்தது மொட்டை, நாம் பார்த்தது நாமம். இந்த இடத்தில் அகராதியை மூடிவிட்டு ஒரு டீ குடிக்கப் போய்விட்டேன்.

நெற்றி வெள்ளைக்கு ஊரில் என்ன சொல்? சுட்டி. நெற்றிச்சுட்டி விழுந்த மாடு, சுட்டிக் கிடா. பிள்ளைகளுக்குக் கட்டும் நகையின் பேரே அங்கேயும் போய் உட்கார்ந்துவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த 'பால்டு' என்ற சொல்லின் பழைய வேரைத் தேடுகிறவர்கள் வேல்ஸ் மொழியில் உள்ள 'பால்' என்ற சொல்லைக் காட்டுவார்கள். விலங்கின் நெற்றியில் வெள்ளை உள்ளதைக் குறிப்பது அது. பார்த்த உடனே எனக்கு மயிர் சிலிர்த்தது. பால்! வெள்ளை! நம் பக்கமே பால்கன்னி என்று ஆடு இருக்கிறதே! இந்த வரியை எழுதி ஒரு வாட்ஸப் குழுவில் போட்டால் மறுநாள் காலைக்குள் வேல்ஸ் தேசமே கொற்கையிலிருந்து கப்பலேறிப் போனவர்களுடையது ஆகிவிடும். அப்படியெல்லாம் இல்லை. இரண்டு மொழியில் ஓரெழுத்து ஈரெழுத்துச் சொற்கள் தற்செயலாய் ஒத்துப்போவது சந்தையில் ஒரே மாதிரி இரண்டு ஆடு நிற்பதைப்போல. ஒரே மாதிரி இருக்கிறது என்பதற்காக ஒரே தாய் ஆகிவிடாது. இதை அத்தையே சொல்லுவாள்.

சொல்ல வேண்டிய பொருத்தம் வேறு ஒன்று இருக்கிறது, அது தற்செயல் என்றும் எனக்குத் தோன்றவில்லை. இங்கிலாந்தில் குதிரைக்காரர்கள் பைபால்டு என்பதைக் கருப்பும் வெள்ளையும் கலந்ததற்கு மட்டும்தான் சொல்லுவார்கள். வெள்ளையோடு கருப்பல்லாத வேறு நிறம், முக்கியமாகச் செம்பழுப்பு, கலந்திருந்தால் அதற்கு ஸ்க்யூபால்டு என்று தனிச்சொல். வெளியாளுக்கு இரண்டும் திட்டுக் குதிரை. குதிரை வைத்திருக்கிறவனுக்கு இரண்டும் வேறு வேறு.

அத்தையிடம் போனில் கேட்டேன். "அத்தை, கண்ணாடிக்காரி என்ன நெறம்னு டாக்டர்கிட்ட சொன்னிய?"

"கரும்போரைன்னு சொன்னேன்."

"செவப்பும் வெள்ளையும் கலந்து கெடந்தா?"

"அது செம்போரைல்லா. இதுகூடத் தெரியாமலா படிச்ச?"

கரும்போரை என்றால் வெள்ளை உடம்பில் கருப்பு தெறித்தது. செம்போரை என்றால் வெள்ளையில் சிவப்பு. கொடி ஆட்டுக்கே போரை ஆடு என்றும் ஒரு பேர். பைபால்டும் ஸ்க்யூபால்டும் எங்கே பிரிகின்றனவோ அதே இடத்தில் கரும்போரையும் செம்போரையும் பிரிகின்றன. பக்கத்திலேயே கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கம் கன்னி ஆடு இருக்கிறது. கருப்பு உடம்பு, முகத்தில் கொம்படியிலிருந்து மூக்குவரை இரண்டு பக்கமும் கோடு இழுத்த மாதிரி வெளிர்நிறம். அந்தக் கோடு வெள்ளை என்றால் பால்கன்னி, செம்பழுப்பு என்றால் செங்கன்னி. அங்கேயும் அதே பிரிப்பு. கர்னாலில் உள்ள தேசியக் கால்நடை மரபு வள நிலையம் கொடியையும் கன்னியையும் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. அதாவது அரசாங்கத்துக்கே தெரிந்த விஷயம். இன்சூரன்ஸ் பாரத்துக்குத்தான் தெரியவில்லை.

இவ்வளவு நுணுக்கமாக ஏன் பிரிக்க வேண்டும் என்றால், காட்டில் நாலு வீட்டு ஆடு ஒன்றாய்க் கலந்து மேயும். பொழுது சாய்ந்து பட்டிக்குத் திருப்பும்போது யார் ஆடு யாருடையது என்று தெரிய வேண்டும். ஒன்று தப்பிப்போய்ப் பக்கத்து ஊர்க் கிடையில் நின்றால், போய் "என் ஆடு" என்று கேட்க வார்த்தை வேண்டும். "கரும்போரை, ரெண்டு கண்ணுலயும் வளையம், இடது காது நுனி கிழிஞ்சிருக்கும்" என்றால் எவனும் மறுக்க முடியாது. 'பல நிறமுள்ள ஆடு' என்று கேட்டால் சிரித்துவிட்டு வேறு ஒன்றைப் பிடித்துக் கொடுப்பான். செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். தரகர் ஒரு ஆட்டைக் காட்டும்போது விரலை நீட்டமாட்டார். கூட்டத்தில் விரல் நீட்டினால் எந்த ஆடு என்று எப்படித் தெரியும்? "அந்தச் செம்போரை மறிக்குப் பின்னால நிக்கிற சுட்டிக் கிடா" என்பார். முப்பது ஆட்டுக்கு நடுவில் கண் நேராய் அதன்மேல் போய் விழும்.

முல்லைக்கலியில் ஏறுதழுவும் தொழுவத்தில் நிற்கும் காளைகளுக்குத் தனிப்பேர் கிடையாது. காரி, குரால், புகர் என்று நிறம்தான் பேர். அந்த இடைச்சிகளும் அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு நிற்காது. சங்கப் பாட்டில் இன்னொன்றும் உண்டு. பெண்ணின் மேனியில் படரும் வெளிர்த் தேமலைச் சுணங்கு என்று சொல்லி, வேங்கைப்பூ உதிர்ந்து கிடப்பதுபோல என்று கொஞ்சுவார்கள். இன்றைக்கு அதே தேமலுக்குக் களிம்பு விற்கிறார்கள். அந்த டப்பாவின் தாளையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

நிறத்துக்குப் பறவையைக் கடன் வாங்குவதும் இங்கிலீஷ்காரன் மட்டும் செய்த வேலை இல்லை. சாம்பல் மினுக்குகிற மாட்டை மயிலை என்கிறோம். சேவல் வளர்க்கிறவர்கள் சேவலிலேயே காகம், மயில் என்று நிறம் பிரிப்பார்கள். ஒரு பறவையை இன்னொரு பறவையின் பேரால் அழைப்பது வெளியாளுக்குக் கிறுக்குத்தனமாய்த் தெரியும். கையில் சேவலை வைத்திருக்கிறவனுக்கு அதைவிடச் சுருக்கமாய்ச் சொல்ல வழியில்லை.

திட்டு ஏன் விழுகிறது என்பதையும் இந்தச் சாக்கில் படித்தேன். தோலுக்கும் மயிருக்கும் நிறம் கொடுக்கும் செல்கள் தோலிலேயே பிறப்பவை அல்ல. குட்டி கருவில் இருக்கும்போது முதுகுத்தண்டு உருவாகிற வரியிலிருந்து கிளம்பி, இரண்டு பக்கமும் இறங்கி, உடம்பு பூராவும் பரவிப்போய் உட்கார வேண்டும். கிளம்பியவை குறைவாய் இருந்தாலோ வழியில் சுணங்கினாலோ, கடைசியாய்ப் போய்ச் சேர வேண்டிய இடங்கள் நிறமில்லாமல் நின்றுவிடும். அந்த இடம் மயிர் வெள்ளை. முதுகிலிருந்து எட்டாக்கை இடங்கள் எவை? வயிறு, குளம்புக்கு மேலே கால், வால் நுனி, அப்புறம் நெற்றி நடு. சுட்டி ஏன் நெற்றியில் விழுகிறது என்று சின்ன வயதில் அத்தையிடம் கேட்டிருக்கிறேன். "சாமி தொட்டு வைச்சது" என்றாள். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்பதுதான் கதை. தாமிரபரணிக் கால்வாய் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மனிதர்களுக்கும் இப்படி உண்டு. பிறக்கும்போதே முன்நெற்றி மயிர் ஒரு கொத்து வெள்ளையாய் இருக்கும். அந்த நிலைக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பேரும் இதே பைபால்டிலிருந்து வந்ததுதான்.

காட்டு விலங்கில் இந்தத் திட்டு அபூர்வம். வீட்டில் வளர்க்கிற ஆடு, மாடு, குதிரை, நாய், பூனை, பன்றி எல்லாவற்றிலும் சர்வசாதாரணம். 1959ல் ரஷ்யாவின் சைபீரியாவில் திமித்ரி பெல்யாயெவ் என்ற மரபியல் அறிஞர் வெள்ளிநரிகளை வைத்து ஒரு சோதனை தொடங்கினார். தலைமுறைக்குத் தலைமுறை சாதுவான நரிகளை மட்டும் பொறுக்கி இணை சேர்த்தார்கள். நிறத்தை யாரும் பார்க்கவில்லை. மனிதனைக் கண்டால் உறுமாமல் இருக்கிறதா என்பது ஒன்றுதான் கணக்கு. சில தலைமுறை போனதும் குட்டிகளின் நெற்றியில் வெள்ளைச் சுட்டி விழ ஆரம்பித்தது. நான் இதை அத்தைக்குச் சொன்னபோது அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "சுட்டிக் குட்டி முட்டாது" என்றாள். இது எங்கள் ஊர்ப் பேச்சு; முட்டுகிற சுட்டிக் கிடாவை நானே பார்த்திருக்கிறேன், என் முட்டியில் தழும்பு இருக்கிறது.

திட்டு ஆடு என்றதும் பாளையங்கோட்டையில் வளர்ந்தவனுக்கு யாக்கோபு ஞாபகம் வராமல் இருக்காது. எங்கள் தெருவில் பாதி வீடு வேதக்கார வீடு. மாமனார் லாபானிடம் யாக்கோபு சம்பளம் பேசுகிறான்: மந்தையில் புள்ளியும் வரியுமாய் இருப்பது எனக்கு, மற்றதெல்லாம் உமக்கு. அந்தத் தேசத்தில் செம்மறி பெரும்பாலும் வெள்ளை, வெள்ளாடு கருப்பு. கலப்பு நிறம் குறைவாய்த்தான் விழும். மலிவான சம்பளம் என்று மாமனார் சந்தோஷமாய் ஒத்துக்கொண்டார். யாக்கோபு பச்சைக் கொப்புகளை வெட்டி, வெள்ளை தெரியும்படி இடையிடையே பட்டையை உரித்து, ஆடு தண்ணீர் குடிக்கிற தொட்டிக்கு முன்னால் போட்டான். அதைப் பார்த்துப் பொலிந்த ஆடுகள் வரியும் புள்ளியுமாய்க் குட்டி போட்டன என்பது கதை. தமிழ் வேதாகமத்தில் அந்தக் கொப்புகளில் ஒன்று புன்னை. அந்த ஊரில் புன்னை ஏது? தன் வாசகனுக்குத் தெரிந்த மரத்தை நட்டுவிட்டுப் போன அந்த மொழிபெயர்ப்பாளரை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. புள்ளிக் குதிரை எழுதினவன் இல்லையா நான்.

இந்தக் கதையை அத்தைக்குச் சொன்னேன். கவனமாய்க் கேட்டுவிட்டு, "அந்த மாமனாரு நம்ம ஊர்ல இருந்திருந்தா மொத வருசமே போண்டியாயிருப்பாரு" என்றாள். அவள் பட்டியில் போரை இல்லாத ஆடு ஒன்றே ஒன்றுதான். அது சுடலைக்கு நேர்ந்துவிட்ட கருங்கிடா. கொடைக்கு ஒத்தைக் கருப்புதான் வேண்டும் என்று அதை மட்டும் வெளியே வாங்கினாள்.

இதற்கிடையில் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பைபால்டு என்றால் கருப்பு வெள்ளைத் திட்டு, பால்டு என்பது இங்கே வழுக்கை ஆகாது, சித்திரையில் எடுத்த போட்டோவிலும் ஆனியில் எடுத்த போட்டோவிலும் கண்வளையமும் முதுகுத் திட்டும் ஒன்றே என்று ஒன்றரைப் பக்கம். மேக்பையைப் பற்றி எழுதியிருந்த பத்தியை மச்சான் அடித்துவிட்டான். "பணத்தைக் கேக்கியா, பாடம் நடத்துதியா?" என்றான். நிறம் என்ற இடத்தில் 'கரும்போரை' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். ஒரு வாரம் கழித்து அங்கிருந்து போன் வந்தது. சின்னப் பையன் குரல், மரியாதையாய்த்தான் பேசினான். "சார், கரும்போரைன்னு செலக்ட் பண்ண ஆப்ஷன் இல்ல. பிளாக், ஒயிட், பிரவுன், அதர்ஸ்தான் இருக்கு. அதர்ஸ் போட்டுரட்டுமா?"

போட்டுவிட்டான். பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள்.

புரட்டாசியில் ஊருக்குப் போனேன். அத்தை திண்ணையில் உட்கார்ந்து நெத்து உதிர்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரி போட்ட கடைசி ஈத்துக் குட்டிகள் இரண்டும் அவள் மடியிலிருந்தே பொறுக்கித் தின்றன. ஒன்று தாயைப்போலவே, ஆனால் ஒரு கண்ணுக்கு மட்டும் வளையம். "இதுக்கு என்ன பேரு?" என்றேன். "ஒத்தக்கண்ணாடி." காதைப் பிடித்துப் பார்த்தேன். தோடு அடிக்கவில்லை.

"நீ சொன்னியே ஒரு குருவி, எங்க ஆட்டுக்குப் பேரு குடுத்தது, அதைக் காட்டு பாப்போம்" என்றாள். போனில் மேக்பை படத்தை எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தேன். கையைச் சீலையில் துடைத்துவிட்டு வாங்கி, தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். வெயிலுக்கு மறைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"என்னத்தக் குருவி? கரும்போரைக் காக்காயில்லா இது" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நெத்து உதிர்க்க ஆரம்பித்தாள்.